கையெழுத்து ஆளுநருடையது, முடிவு அமைச்சரவையுடையது... பொறுப்பு யாருடையது? கேரளத்தின் தண்டனைக் குறைப்புச் சர்ச்சைகள் எழுப்பும் கேள்வி

திருவனந்தபுரம்: கேரளத்தில் சிறைக் கதவு ஒன்று காலத்துக்கு முன்பே திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. யார் திறந்தார்கள்? 2009-ஆம் ஆண்டு ஆலப்புழை மாவட்டம் செங்கன்னூர் அருகே முதியவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த அவருடைய மருமகள், கடந்த 2025 ஜூலையில் முன்விடுதலை பெற்றபோதும் இதே கேள்விதான் எழுந்தது. சிறை ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது என்றது அரசு. 2025 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆளுநர் ராஜேந்திர அர்லேகர் ஒப்புதல் அளித்தார். இடைப்பட்ட காலத்தில் சக கைதியைத் தாக்கியதாக அந்தப் பெண் மீது புதிய வழக்கு பதிவானதும் விடுதலையைத் தடுக்கவில்லை.

அவரைவிட நெடுங்காலம் சிறையில் இருக்கும் பெண்கள் காத்திருக்க, இவர் மட்டும் எப்படி முந்தினார் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அதற்குத் தெளிவான பதில் எந்த அரசாணையிலும் இல்லை. ஒரு தனி வழக்கின் சர்ச்சையாக மட்டும் இதைக் கடந்துவிட முடியாது. மன்னிக்கும் அதிகாரம் இந்தியாவில் எப்படிப் பயன்படுகிறது, அது தவறும்போது யார் பதில் சொல்ல வேண்டும் என்ற பெரிய கேள்வியின் ஒரு முனைதான் இது.

இரண்டு வழிகள், ஒரே கதவு

தண்டனை பெற்ற ஒருவர் முழுக் காலத்தையும் கழிக்காமல் வெளியே வர இந்தியச் சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, அரசமைப்புச் சட்டம் தருவது. 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்கவும், குறைக்கவும், நிறுத்திவைக்கவும் அதிகாரம் அளிக்கின்றன. இரண்டாவது, சட்டம் தருவது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432-ஆவது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 473-ஆவது பிரிவிலும் உள்ள தண்டனைக் குறைப்பு அதிகாரம் அது. மாநில அரசே இதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வழிக்கு ஒரு வேலி உண்டு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருக்க வேண்டும். ஆளுநரின் அரசமைப்பு அதிகாரத்துக்கு அந்த வேலி இல்லை. எனவே 14 ஆண்டுகள் நிறைவடையாத ஆயுள் கைதியையும் அமைச்சரவை விடுவிக்க விரும்பினால் 161-ஆவது பிரிவின் துணையை நாடுகிறது.

ஆனால் இரு வழிகளிலும் முடிவு பிறக்கும் இடம் ஒன்றே. ஆளுநர் தம் விருப்பப்படி மன்னிக்க முடியாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். 1980-இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத் துறையோடு சிறைத் துறையையும் கவனித்தவர் அவர். சிறையையும் அதிகாரத்தையும் உள்ளிருந்து அறிந்த அவர், அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்தார். முதலமைச்சர் ஒருவர் தமது பிறந்தநாளுக்காகவோ, தமக்கு மகன் பிறந்ததற்காகவோ சிறையைத் திறந்துவிட்டால் அதை அரசமைப்புச் சட்டம் பொறுத்துக்கொள்ளாது என்பது அதன் சாரம். சாதி, மதம், நிறம், அரசியல் விசுவாசம் ஆகியவை மன்னிப்புக்கு அடிப்படையாக முடியாது என்றும் அவர் வரையறுத்தார்.

ஓராண்டுத் தண்டனையும் மாநிலத்தின் பிறந்தநாளும்

அந்த எச்சரிக்கை எழுதப்பட்டு 31 ஆண்டுகள் கழித்து, கேரளத்திலேயே அது சோதனைக்கு உள்ளானது. முன்னாள் மின்துறை அமைச்சரும் கேரள காங்கிரஸ் (பி) தலைவருமான ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு, இடமலையாறு நீர்மின் திட்ட ஒப்பந்த முறைகேட்டு வழக்கில் 2011 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அந்த வழக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் நடத்தியவர் மார்க்சிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். அமைச்சராக இருந்த ஒருவர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்று திருவனந்தபுரம் பூஜப்புரா மத்தியச் சிறைக்குள் நுழைந்தது, பொறுப்புக்கூறலின் வெற்றியாகக் கருதப்பட்டது.

மூன்று மாதங்களில் ஆட்சி மாறியது. 140 உறுப்பினர் கொண்ட பேரவையில் வெறும் 72 இடங்களுடன் உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சி அமைத்தது. அந்த 72 பேரில் ஒருவர் பிள்ளையின் மகன் கே.பி. கணேஷ் குமார், அவர் அமைச்சராகவும் ஆனார். 2011 நவம்பர் 1, கேரள மாநிலம் உருவான நாளையொட்டி அரசு சிறப்புத் தண்டனைக் குறைப்பு அறிவித்தது. பயன் பெற்ற ஏராளமான கைதிகளில் பிள்ளையும் ஒருவர். தண்டனைக் காலத்தில் அவர் சிறைச் சுவர்களுக்குள் கழித்த நாள்கள் சுமார் 70 மட்டுமே. எஞ்சியவை பரோலிலும் திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனையிலும் கழிந்தன.

பொது அறிவிப்பு என்பதால் தனிச்சலுகை இல்லை என்றது அரசு. ஆனால், ஒருவருக்காகத் திறக்கப்பட்ட கதவின் வழியே மற்றவர்களும் வெளியே வந்தார்கள் என்பதே எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டாக இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அந்த எதிர்க்கட்சி ஆட்சியில் இருந்தபோது, 2017-இல் அதே பிள்ளையை அமைச்சர் தகுதியுடன் முன்னேறிய சமூகங்களுக்கான நல வாரியக் கழகத்தின் தலைவராக நியமித்தது. அந்தப் பதவியை முன்பு அவருக்கு அளித்ததும் உம்மன் சாண்டி அரசுதான். அணி மாறியதும் குற்றச்சாட்டின் கூர்மையும் மழுங்கியது.

209 பேரும் 1,850 பேரும்

இந்தப் பழக்கம் ஓர் அணிக்கு மட்டும் உரியதன்று. பிள்ளை சிறை சென்ற அதே 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போதைய இடது ஜனநாயக முன்னணி அரசு 209 கைதிகளை முன்கூட்டியே விடுவித்தது. முதலமைச்சராக இருந்தவர் வி.எஸ். அச்சுதானந்தன். எட்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த அரசாணையை ரத்து செய்தது. அதற்குள் விடுவிக்கப்பட்டவர்கள் ஊர் திரும்பி, வேலை தேடி, குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தனர். ஆராயாமல் எடுக்கப்பட்ட முடிவின் சுமை முடிவெடுத்தவர்கள் மீது விழவில்லை. விடுவிக்கப்பட்டவர்களும் கொல்லப்பட்டோரின் குடும்பங்களும் அதைச் சுமக்க நேர்ந்தது.

2016-இல் மாநிலத்தின் 60-ஆவது ஆண்டு நிறைவையொட்டி, பினராயி விஜயன் அரசு 1,850 கைதிகளின் பட்டியலை ஆளுநர் மாளிகைக்கு அனுப்பியது. அப்போது அங்கிருந்தவர் ஈரோடு மாவட்டம் பவானி அருகே கடப்பநல்லூரைச் சேர்ந்த பி. சதாசிவம். இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 2014-இல் கருணை மனுக்கள் மீதான தாமதத்தைக் காரணம் காட்டி 15 பேரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர். கைதிகளுக்கும் உரிமைகள் உண்டு என்று தீர்ப்பெழுதிய அதே மனிதர், 2017 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

இது முரண்பாடு அன்று. தனி மனிதர் ஒருவரின் வழக்கை ஆராய்ந்து கருணை காட்டுவது வேறு; பெயர்ப் பட்டியல் ஒன்றை மொத்தமாக நீட்டிக் கையெழுத்துக் கேட்பது வேறு. அந்தப் பட்டியல் தயாரிப்பின்போது பரிசீலிக்கப்பட்டவர்களில் டி.பி. சந்திரசேகரன் கொலை வழக்கின் குற்றவாளிகளும் இருந்தனர் என்பது பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தபோது, ஆளுநரின் தயக்கத்துக்குப் பொருள் கூடியது.

ஒரு கடிதம், மூன்று இடைநீக்கங்கள்

மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து விலகிப் புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய சந்திரசேகரன், 2012 மே 4 அன்று கோழிக்கோடு மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் உடலில் 51 வெட்டுக் காயங்கள் இருந்தன. தண்டிக்கப்பட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தலைவர்களும் அடங்குவர். 2024 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ததுடன், குற்றவாளிகள் பலருக்கு 20 ஆண்டுகள் வரை தண்டனைக் குறைப்பு கூடாது என்றும் உத்தரவிட்டது.

நான்கே மாதங்களில், அந்த வழக்கின் மூன்று குற்றவாளிகளுக்குத் தண்டனைக் குறைப்பு வழங்குவது குறித்துக் காவல்துறையின் அறிக்கை கேட்டு கண்ணூர் மத்தியச் சிறையிலிருந்து கடிதம் சென்றது. கடிதம் வெளியானதும் சட்டப்பேரவை கொந்தளித்தது. சந்திரசேகரனின் மனைவியும் வடகரை எம்எல்ஏவுமான கே.கே. ரமா ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு அனுமதி கோரினார், அனுமதி மறுக்கப்பட்டது. அத்தகைய திட்டம் எதுவும் இல்லை என்றது அரசு. அடுத்த சில நாள்களில் சிறைத் துறை அதிகாரிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

உயர் நீதிமன்றம் தடுத்த ஒன்றை ஒரு சிறை அதிகாரி தாமாகவே தொடங்கிவைப்பாரா என்ற கேள்விக்கு இடைநீக்க உத்தரவு பதில் தரவில்லை. கோப்பு மேலே செல்லும்போது அதிகாரியிலிருந்து அமைச்சரவை வரை எல்லோரும் அதில் பங்காளிகள். சர்ச்சை வெடித்தால், பொறுப்பு மட்டும் மேலிருந்து கீழே இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரிடம் போய்ச் சேர்கிறது.

நீதிமன்றம் போட்ட கோடு

மன்னிப்பு அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் படிப்படியாக அந்த எல்லையை வரைந்துள்ளது. 1988-இல் கேஹர் சிங் வழக்கில், மன்னிப்பு என்பது ஆட்சியாளரின் தனிப்பட்ட தயவு அன்று. அரசமைப்புச் சட்டம் ஒப்படைத்த பொறுப்பு என்றது. 2006-இல் எப்புரு சுதாகர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆந்திரத்தில் காங்கிரஸ் எம்எல்ஏ ஒருவரின் கணவருக்கு அப்போதைய ஆளுநர் சுஷில்குமார் ஷிண்டே வழங்கிய தண்டனைக் குறைப்பை அது ரத்து செய்தது. அந்தக் கைதி நல்ல காங்கிரஸ் தொண்டர் என்று அதிகாரியின் அறிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது, அரசியல் எவ்வளவு வெளிப்படையாகக் கோப்புக்குள் நுழைந்திருந்தது என்பதைக் காட்டியது.

சிந்தித்து முடிவெடுக்காமை, தீய நோக்கம், தொடர்பற்ற காரணங்கள், உரிய ஆவணங்களை மறைத்தல், தன்னிச்சைப் போக்கு ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் நீதிமன்றம் தலையிடலாம் என்பது அந்தத் தீர்ப்பு வகுத்த விதி. பில்கிஸ் பானு வழக்கில் 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்த 11 பேரையும் மீண்டும் சிறைக்கு அனுப்பும்படி 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுபக்கம், மன்னிக்க மறுத்துக் காலம் கடத்துவதற்கும் எல்லை உண்டு என்பதைத் தமிழ்நாடு கண்டது. பேரறிவாளனை விடுவிக்க 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காத ஆளுநர், பின்னர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142-ஆவது பிரிவின்கீழ் அவரை நேரடியாக விடுவித்தது.

எனினும் இந்தத் தீர்ப்புகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை ஆணையைத் தொட்டன. ஆணை பிறப்பித்தவர்களைத் தொடவில்லை. அதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 361-ஆவது பிரிவின்படி, ஆளுநர் தமது பதவிக் கடமைகளுக்காக எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 163-ஆவது பிரிவின்படி, அமைச்சர்கள் ஆளுநருக்கு என்ன ஆலோசனை கூறினார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. கையெழுத்திட்டவருக்கு ஒரு கவசம். கையெழுத்திடச் சொன்னவர்களுக்கு இன்னொரு கவசம். இரண்டுக்கும் நடுவே பொறுப்பு காணாமற்போகிறது. குடியரசுத் தலைவரின் கருணை முடிவை எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்று புதிய சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு கூறுவது, இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கக்கூடும்.

26 ஆண்டுகள் காத்திருந்தவர்

அரசியல் மன்னிப்பால் பாதிக்கப்படுவது கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் மட்டுமல்ல. உண்மையிலேயே மன்னிப்புக்குத் தகுதியான கைதிகளும் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேரளத்து ஆயுள் கைதி ஒருவரின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவரை விடுவிக்கலாம் என்று சிறை ஆலோசனைக் குழு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தது. அரசு ஒவ்வொரு முறையும் மறுத்தது. கடைசியில் உச்ச நீதிமன்றமே அவரை உடனே விடுவிக்க உத்தரவிட்டது. சீர்திருந்திய ஒருவரை முடிவின்றி அடைத்துவைப்பது நம்பிக்கையையே பறிப்பதாகும் என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

ஒரே மாநிலம், ஒரே நடைமுறை. குழுவின் பரிந்துரை ஒருவருக்கு உடனே பலித்தது. மற்றவருக்கு மீண்டும் மீண்டும் பொய்த்தது. ஓராண்டுத் தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சருக்குச் சுமார் 70 நாள்கள் போதுமாயிருந்தன. கட்சியோ, பேரவையில் உறவினரோ இல்லாதவருக்கு 26 ஆண்டுகளும் போதவில்லை. வேண்டியவர்களுக்காகக் கதவு திறக்கப்படுகிறது என்ற சந்தேகம் வலுக்கும்போது, அரசுகள் சர்ச்சைக்கு அஞ்சி வேண்டாதவர்களுக்கான கதவை இன்னும் இறுக்குகின்றன. சட்டத்தின் கடுமையைத் தணிப்பதற்காகப் படைக்கப்பட்ட கருணை, இப்படித்தான் சலுகையாகச் சுருங்குகிறது.

கொழும்பில் நடந்தது

அண்டை நாடான இலங்கையில் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வேறொரு பாதையில் சென்றது. யாழ்ப்பாணம் மாவட்டம் மிருசுவிலில் 2000-ஆம் ஆண்டு எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற ராணுவத்தினர் ஒருவரை, 2020 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்ச மன்னித்தார். உலகமே கொரோனா முடக்கத்தில் இருந்த நாள்கள் அவை. அடுத்த ஆண்டு, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் மன்னிக்கப்பட்டார். 2024 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் துமிந்த சில்வாவுக்கான மன்னிப்பை ரத்து செய்தது.

அதே ஆண்டு ஜூனில் மேலும் ஒரு தீர்ப்பு வந்தது. கொழும்பு ராயல் பார்க் குடியிருப்பில் இளம்பெண்ணைக் கொன்ற குற்றவாளிக்கு 2019-இல் மைத்திரிபால சிறிசேன பதவி விலகும் தறுவாயில் வழங்கிய மன்னிப்பு செல்லாது என்று கூறிய நீதிமன்றம், வழக்குத் தொடுத்த பெண்கள் அமைப்புக்கு இழப்பீடு வழங்கும்படி சிறிசேனவுக்கு உத்தரவிட்டது. ஆணையோடு நிற்காமல், ஆணையிட்டவரிடமும் சட்டம் கணக்குக் கேட்க முடியும் என்பதற்கு அது சான்று.

மறு கோடியில் அமெரிக்கா நிற்கிறது. அங்கே மத்தியக் குற்றங்களை மன்னிக்கும் அதிகாரம் அதிபர் ஒருவரிடமே உள்ளது. அமைச்சரவையின் ஆலோசனை தேவையில்லை. 2024 டிசம்பரில் ஜோ பைடன் தம் மகனை மன்னித்தார். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டொனால்டு டிரம்ப், நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் தொடர்புடைய சுமார் 1,500 பேருக்கு அன்றே மன்னிப்பு அளித்தார். அவற்றை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு வழியில்லை. ஆனால் ஒன்று மட்டும் அங்கே தெளிவு: அந்த முடிவுகள் யாருடையவை என்பதில் வாக்காளருக்குச் சந்தேகம் இல்லை. இந்தியாவில் நீதிமன்றத்தின் கட்டுப்பாடு இருக்கிறது; முடிவின் உரிமையாளர் யார் என்ற தெளிவு இல்லை.

காரணம் எழுதப்பட வேண்டும்

இந்த இடைவெளியை நிரப்ப அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. தண்டனைக் குறைப்பை வழங்கினாலும் மறுத்தாலும் காரணங்களைப் பதிவு செய்து கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தகுதியுள்ள கைதிகள் விண்ணப்பிக்காவிட்டாலும் கொள்கையின்படி அவர்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தக் காரணங்கள் கைதிக்கு மட்டுமின்றிப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் தெரிவிக்கப்பட்டால், பாதிச் சந்தேகங்கள் பிறக்கும் முன்பே மறையும். ஆண்டுதோறும் யார் விடுவிக்கப்பட்டார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகள் சிறைக்குப் பின் என்ற பட்டியலைச் சட்டப்பேரவையில் வைத்தால், நீதிமன்றம் கேட்க முடியாததைப் பேரவை கேட்க முடியும். பண்டிகை நாள்களையும் ஆண்டு நிறைவுகளையும் ஒட்டிய மொத்தப் பட்டியல்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு கைதியின் கோப்பும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும்.

இவை எதுவும் கருணையைக் குறைக்காது. காரணம் சொல்ல முடிந்த மன்னிப்பே நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நிற்கும். கேரளத்தின் இரு அணிகளும் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தபோது கேட்ட கேள்விகளே இதற்குப் போதுமான வழிகாட்டி. ஆளும் வரிசைக்கு மாறிய பிறகும் அவை நினைவில் இருந்தால், சிறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் யார் திறந்தார்கள் என்று தேட வேண்டிய தேவை இருக்காது.